வாசிக்காமலே எழுதப்பட்ட தீர்ப்புகள்

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு மாலைப்பொழுதில், கனடாவிலிருந்து ஒரு பெண் என்னுடன் தொலைபேசியில் பேசினார். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர். 1990களில் வெளிநாடு செல்வதற்காகக் கொழும்பு லொட்ஜ்களில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த தமிழர்களின் வாழ்க்கையே அவரது ஆய்வுப் பொருள்.

“ஐயா, நீங்கள் வேலை செய்த பேப்பரின்ரை வார இணைப்பிலை 1996ஆம் ஆண்டு ஒரு மர்மத் தொடர்கதை வந்ததெண்டு அம்மா சொல்லுறா. கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒண்டிலை ஒரு ஏஜென்சிக்காரன் கொலை செய்யப்படுற கதை. அம்மாவும் அந்த நேரம் லொட்ஜிலைதான் இருந்தவ. அதிலை எழுதியிருந்ததெல்லாம் அப்பிடியே நடந்ததுதானாம். அந்தக் கதையை எங்கை எடுக்கலாம்?”

எங்கும் எடுக்க முடியாது என்றேன்.

“சண்டையிலை அழிஞ்சு போச்சுதோ?”

“ஓம் பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

அது பொய். எமது மக்கள் இழந்தவற்றில் எதற்கும் போரைக் காரணம் காட்டிவிடலாம். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் அந்தத் தொடர்கதை குண்டுவீச்சிலோ தீயிலோ அழியவில்லை. ஓர் அபிப்பிராயத்தினால் அழிந்தது. அந்த அபிப்பிராயத்துக்குச் சொந்தக்காரன் நான். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நான் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில், இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. தமிழ் மர்ம நாவல்களைப் பற்றி எழுத விரும்பினேன். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரில் தொடங்கி எமது மாலைப் பத்திரிகைகளின் தொடர்கதைகள் வரை வருவதாக ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டு விரிவுரையாளரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, அறையிலிருந்த மற்ற மாணவர்களுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

“தம்பி, உதெல்லாம் சந்தைச் சரக்கு. சரக்கைப் பற்றி ஆய்வு செய்யிறதெண்டால் நீர் வணிகத்துறைக்கல்லோ போகவேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியவில்லை.

“சேர், நீங்கள் உதுகளிலை எதையாவது வாசிச்சிருக்கிறீங்களோ?”

“நஞ்செண்டு தெரியிறதுக்குக் குடிச்சுப் பாக்க வேணுமோ?”

மறுபடியும் சிரிப்பு. நான் தலைப்பை மாற்றிக்கொண்டு, எல்லோரும் எழுதுகின்ற ஒரு தலைப்பில் எழுதிச் சித்தியடைந்தேன். நஞ்சா மருந்தா என்று சொல்ல வேண்டியவர் அதைக் குடிக்கத் தேவையில்லைத்தான். ஆனால் சோதனைக்கூடம் வரைக்குமாவது எடுத்துச் செல்ல வேண்டும். இந்தப் பதில் எனக்குத் தோன்றுவதற்கு முப்பது வருடங்கள் ஆயின.

அவர் மோசமான ஆசிரியர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சிறுகதையை வரிவரியாக எப்படி வாசிப்பது, ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் நான் அவரிடமே கற்றேன். புதுமைப்பித்தனின் ஒரு கதைக்கு இரண்டு முழு விரிவுரைகளைச் செலவிட்டவர் அவர். அந்தக் கண்ணை ஒரு மர்ம நாவலின் மீது ஒரு மணி நேரம் திருப்பியிருந்தால் நல்லது கெட்டது இரண்டையும் எம்மில் எவரையும் விடத் தெளிவாகச் சொல்லியிருப்பார். திருப்பவில்லை. என் மனக்குறை அது மட்டுமே.

அவரை மட்டும் குறை கூறுவதிலும் நியாயமில்லை. அவருக்கு முன்னரே பலர் அந்தத் தீர்ப்பை எழுதி வைத்திருந்தனர்.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. எமது நாட்டில் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இலும், திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இலும் வெளிவந்தன. இன்று இவை பாடத்திட்டத்தில் உள்ளவை. ஆனால் நாவல் என்ற வடிவம் பரவத் தொடங்கிய காலத்தில் கற்றோர் பலர் அதைப் பெண்களையும் இளைஞர்களையும் கெடுக்கும் பண்டமாகவே பார்த்தனர். அந்த எதிர்ப்பின் வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தமது ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபுப் போராட்டம் நடந்தது. சாதாரண மக்களின் பேச்சுமொழியைக் கதைகளில் எழுதிய எழுத்தாளர்களைப் பண்டித மரபினர் ‘இழிசனர் வழக்கு’ என்று சொல்லி ஒதுக்கப் பார்த்தனர். கைலாசபதியும் சிவத்தம்பியும் அந்த எழுத்தாளர்களின் பக்கம் நின்று வாதாடினர், வென்றனர். அந்த வெற்றி இல்லையெனில் இன்று நாம் வாசிக்கும் ஈழத்து இலக்கியமே இல்லை எனலாம். ஆனால் பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். ஒரு தலைமுறைக்கு முன்னர் எந்த வாசலில் நிறுத்தப்பட்டோமோ, அதே வாசலில் அடுத்து வந்தவர்களை நாம் நிறுத்தினோம். ‘இழிசனர்’ என்ற சொல் போய் ‘ஜனரஞ்சகம்’ என்ற சொல் வந்தது. ஜனங்களை ரஞ்சிக்கச் செய்வது என்ற நல்ல பொருளுடைய சொல், விமர்சனத்தில் ஒரு வசைச்சொல்லாயிற்று.

முற்போக்கு விமர்சகர்களுக்கு அன்று நியாயமான காரணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தமிழகத்து வணிக சஞ்சிகைகள் கப்பலில் வந்து குவிந்த காலம் அது. உள்ளூர் எழுத்தாளனுக்கு இடமில்லை. உள்ளூர் வாழ்க்கைக்குக் கதையில் இடமில்லை. அதை எதிர்த்துப் போராட ஓர் ஆயுதம் தேவைப்பட்டது. ஆனால் சண்டைக்குச் செய்த ஆயுதத்தைச் சண்டை முடிந்த பின்னர் அளவுகோலாகப் பயன்படுத்தியதே எமது தவறு.

வேடிக்கை என்னவென்றால், எதிர்முகாமிலும் இதே தீர்ப்புத்தான். க. நா. சு.வையும் அவரைச் சார்ந்தோரையும் எதிர்த்துக் கைலாசபதி ஒரு நூலே எழுதினார். கலையா சமூகமா என்பதில் அவ்விரு முகாம்களுக்குமிடையே எந்தச் சமரசமும் இருக்கவில்லை. ஆயினும் கல்கியை இலக்கியமாகக் கொள்ளாதவர் க. நா. சு. அகிலனின் ‘சித்திரப்பாவை’ நாவலுக்கு 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அறிவிக்கப்பட்டபோது கடுமையாக எதிர்த்து எழுதியவர் சுந்தர ராமசாமி. அவர்கள் வாசித்துவிட்டே பேசினர். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்களை மேற்கோள் காட்டிய எம்மைப் போன்றவர்களோ, அவர்களின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு வாசிப்பை விட்டுவிட்டோம்.

இந்தப் பழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. எமது நாட்டு ஆங்கில இலக்கிய மாணவர்களிடையேயும் செல்வாக்குப் பெற்றிருந்த கேம்பிரிட்ஜ் விமர்சகர் எப். ஆர். லீவிஸ், 1948இல் ஆங்கில நாவலின் மகத்தான மரபு எது என்று வரையறுத்து ஒரு நூல் எழுதினார். சார்ள்ஸ் டிக்கன்ஸுக்கு அதில் இடம் கொடுக்கவில்லை. அவர் பெரிய மேதைதான், ஆனால் மகிழ்விப்பவர் என்பதே தீர்ப்பு. ‘ஹார்ட் டைம்ஸ்’ என்ற ஒரு நாவலுக்கு மட்டும் விலக்களித்தார். டிக்கன்ஸ் மாதாந்தப் பகுதிகளாகவும் வாராந்தத் தொடர்களாகவும் எழுதியவர். இன்றைய கணக்கில் அசல் தொடர்கதை எழுத்தாளர். பின்னர் 1970இல் லீவிஸும் அவரது மனைவியுமான விமர்சகரும் சேர்ந்து டிக்கன்ஸைப் பற்றி ஒரு முழு நூல் வெளியிட்டு, அவரை மிகப்பெரும் நாவலாசிரியர்களின் வரிசையில் அமர்த்தினர்.

இடைப்பட்ட 22 ஆண்டுகளில் டிக்கன்ஸ் ஒரு வரியையேனும் மாற்றி எழுதவில்லை. அவர் இறந்து அப்போது நூறு ஆண்டுகள். மாறியது நீதிபதியின் மனம். அப்படி மாறியதற்காக லீவிஸை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. மறுபடியும் வாசிப்பதற்கு டிக்கன்ஸின் நூல்கள் அங்கே இருந்தன. தீர்ப்பு பிழையென்று கண்டபோது மேன்முறையீட்டுக்கு இடமிருந்தது.

எமது நிலைமை அதுவன்று. இங்கே ‘தரமற்றது’ என்ற தீர்ப்பு எழுதப்பட்டவுடன் அந்தத் தாளும் குப்பைக்குப் போய்விடுகிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அந்தத் தொடர்கதையை எழுதியவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வேலை முடிந்து, கையால் எழுதிய அத்தியாயத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு நடந்து வருவார். ஒருநாளும் பிந்தியதில்லை. குண்டு வெடித்து வீதிகள் மூடப்பட்ட நாளிலும் வந்தார். நான் அப்போது உதவி ஆசிரியர். தாளை வாங்கி, எத்தனை அங்குலம் வரும் என்று கணக்குப் பார்த்து அச்சுக்கோப்புக்கு அனுப்புவேன். ஒரு வாரமேனும் முழுவதையும் வாசித்ததில்லை. ஒப்புநோக்குநர் வாசிப்பார் என்று விட்டுவிடுவேன். அந்த ஒப்புநோக்குநர், “அடுத்த கிழமை என்ன நடக்கும், அண்ணை?” என்று எழுத்தாளரிடம் கேட்பதைக் கேட்டு உள்ளூரச் சிரித்திருக்கிறேன். என் விரிவுரையாளரின் சிரிப்பை நான் அப்படிப் பத்திரமாக வைத்திருந்தேன்.

2004இல் எமது அலுவலகம் வேறொரு கட்டடத்துக்கு மாறியது. இடம் போதாது. எதை எடுத்துச் செல்வது, எதைக் கழிப்பது என்று தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாளிதழின் கோவைகள், ஆசிரியத் தலையங்கங்கள், ஞாயிறு இலக்கியப் பக்கங்கள் எல்லாவற்றையும் கவனமாகக் கட்டுவித்தேன். “வார இணைப்புகளை என்ன செய்யிறது, சேர்?” என்று பொறுப்பாளர் கேட்டார். அவை தனியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பத்து வருடத்துக் கட்டுகள். நான் திரும்பியும் பார்க்கவில்லை.

“அது வெறும் கதைப் பேப்பர்தானே. விடுங்கோ.”

பழைய கடதாசி வாங்குபவர் வந்து நிறுத்து எடுத்துச் சென்றார்.

மூன்று மாதம் கழித்து எழுத்தாளர் வந்தார். ஓய்வு பெற்றிருந்தார். “தம்பி, அந்தக் கதையைப் புத்தகமாப் போடுவமெண்டு மகன் சொல்லுறான். என்னட்டை இருந்தது வீடு மாறேக்கை துலைஞ்சு போச்சு. ஒருக்கா போட்டோக் கொப்பி எடுத்துத் தாறீரோ?” என்று கேட்டார். “பாத்துச் சொல்லுறன் அண்ணை” என்றேன். இன்னும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அதே பதில். 2009இல் இறந்துவிட்டார். மரண அறிவித்தலை எமது பத்திரிகையிலேயே பார்த்தேன். அதில் அவர் துறைமுக உத்தியோகத்தர் என்றிருந்தது. எழுத்தாளர் என்றிருக்கவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தவர்களை நாம் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் கூடாது. நான் செய்ததை அதனோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் ஒரு நூல் இல்லாமற்போவதற்குத் தீ வைக்க வேண்டியதில்லை, “அது வெறும் கதைப் பேப்பர்” என்று ஒரு படித்தவன் சொன்னாலே போதும் என்பதை நான் அறிவேன்.

மறுவாரம் அந்தப் பெண்ணை நானே அழைத்து உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “பரவாயில்லை ஐயா. அம்மாவோடை லொட்ஜிலை இருந்த ஆக்களிட்டைக் கேட்டுப் பாக்கிறன்” என்றார். ஐந்து வாரங்களில் பதில் வந்தது. மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்தத் தொடரை வாராவாரம் வெட்டி, ஊசி நூலால் தைத்து, மாட்டுத்தாள் உறை போட்டு வைத்திருந்தார். 42 அத்தியாயங்களில் 34 இருந்தன. ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

இது எனக்கு ஆச்சரியம் தந்திருக்கக்கூடாது. என் வீட்டிலேயே கண்டதுதான். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்ப்பேன். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக ஏற்றிய ஜாம் போத்தல் விளக்கு ஒன்றைச் சுற்றி என் தாயாரும் அயல்பெண்கள் நால்வரும் இருப்பர். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பர். ஐந்து பேர் வாசிக்க அந்த வெளிச்சம் போதாது. வாசிக்கப்படுவது அம்மம்மா பழைய கல்கி இதழ்களிலிருந்து வெட்டித் தைத்த ‘பொன்னியின் செல்வன்’. அவர்களுக்கு அது நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ. ஆதித்த கரிகாலன் இறப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் அந்த இடம் வரும்போது ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நான், வாசற்படியில் நின்று அதைப் பார்த்துச் சற்று வெட்கப்பட்டேன். இன்று அந்த வெட்கத்துக்காக வெட்கப்படுகிறேன்.

தைத்த கட்டின் 34 அத்தியாயங்களையும் ஓரிரவில் வாசித்து முடித்தேன். 1996இல் செய்ய வேண்டிய வேலை. வாசித்ததனால் இப்போது ஓர் அபிப்பிராயம் சொல்லும் உரிமை எனக்கு வந்திருக்கிறது.

அது மறைந்துபோன காவியம் அன்று. கதாநாயகிக்கு உயிரில்லை, அழுவதற்கென்றே வருகிறாள். முப்பதாவது அத்தியாயத்தில் உருவ ஒற்றுமையுள்ள ஒரு சகோதரன் திடீரென்று முளைக்கிறான். வாரம் ஒரு திடுக்கம் கொடுக்க வேண்டுமே என்ற அவசரம் பல இடங்களில் தெரிகிறது. முடிவு ஓட்டமாக ஓடி முடிகிறது. இவற்றை மறைத்துப் பாராட்டினால் அதுவும் வாசிக்காமல் எழுதிய தீர்ப்பாகிவிடும்.

ஆனால் பதினான்காம் அத்தியாயம் வேறு. நள்ளிரவில் லொட்ஜில் செக்கிங். எல்லோரும் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பிடித்தபடி ஒடுங்கிய நடைவழியில் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு பையன் தனக்குத் தெரிந்த ஒரேயொரு சிங்கள வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகுகிறான். கதையின் துப்பறிபவன் அந்த லொட்ஜின் சமையற்காரன். கொலைகாரன் இந்த வரிசையில்தான் நிற்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போகிறான். முகத்தில் பயத்தைக் கண்டு குற்றவாளியைப் பிடிப்பதுதான் மர்மக்கதைகளின் வழக்கம். ஆனால் இங்கே எல்லா முகத்திலும் பயம். ஒரு குற்றமும் செய்யாதவன்தான் அதிகம் நடுங்குகிறான். கொலைகாரனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடமில்லை.

லொட்ஜ் வாழ்க்கையைப் பற்றி நான் எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன், தலையங்கமும் எழுதியிருக்கிறேன். சந்தேகம் எல்லோர் மீதும் விழும் சமூகத்தில் நீதி ஏன் சாத்தியமற்றது என்பதை அந்த ஐந்து பத்திகளைப் போல நான் ஒருநாளும் சொல்லவில்லை. மர்மக்கதை எழுதத் தெரிந்த ஒருவரால் மட்டுமே அதை அப்படிச் சொல்லியிருக்க முடியும் என்பதே முக்கியம். அந்த வடிவத்தின் வழக்கத்தை நன்கறிந்து, அது எமது வாழ்க்கையில் செல்லாது என்று கண்டவர் அவர். எந்தச் சட்டத்துக்குள் எழுதினார் என்பதற்காக என் விரிவுரையாளர் அவரைத் தள்ளியிருப்பார். அந்தச் சட்டமே அவருக்கு அந்த உண்மையைக் காட்டிக் கொடுத்தது.

இதை அந்த ஆய்வு மாணவிக்குச் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கி, “ஐயா, நான் அந்த அத்தியாயத்திலை லொட்ஜ் வாடகை, பதிவு நடைமுறை எல்லாம் குறிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் சொல்லுறதை நான் கவனிக்கேல்லை” என்றார். நேர்மையான பதில். அது என்னை வேறொரு கோணத்தில் யோசிக்க வைத்தது.

இன்றைய பல்கலைக்கழகங்கள் ஜனரஞ்சக நாவல்களை வாசலில் நிறுத்துவதில்லை. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மலிவுப் பதிப்புக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, தமிழில் தீண்டப்படாதிருந்த எழுத்து ஆங்கிலத்தில் சுவாரசியமான பொருளாயிற்று. பண்பாட்டு ஆய்வு, வாசகர் ஆய்வு என்று இப்போது பல வாசல்கள் திறந்துள்ளன. நல்லது. ஆனால் பெரும்பாலும் அவை ஆவணமாகவே உள்ளே அழைக்கப்படுகின்றன. வாடகை எவ்வளவு, பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறாள், அட்டைப்படம் எதைக் குறிக்கிறது என்று கேட்கிறார்கள். நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பதில்லை. முன்னையவர்கள் வாசிக்காமலே மதிப்பிட்டார்கள். பின்னையவர்கள் மதிப்பிடாமலே வாசிக்கிறார்கள். ஓர் எழுத்தாளனுக்கு இரண்டும் ஒரே அவமதிப்புத்தான்.

அப்படியானால் எப்படி மதிப்பிடுவது? ஆசிரிய பீடத்து மேசையில் முப்பது வருடம் கதைகளைக் கையாண்டவன் என்ற முறையில், எனக்குப் பயன்படுகின்ற மூன்று கேள்விகளைச் சொல்கிறேன். முதலாவது, ஒரு கதை வாசகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதா? மர்மக்கதையின் வாக்கு வேறு, காதல் கதையின் வாக்கு வேறு. புதிருக்கான தடயங்களை ஒளிக்காமல் முன்வைக்க வேண்டியது மர்மக்கதைக்காரனின் கடமை. அதில் வழுவினால் அவன் தோற்றான். இரண்டாவது, பாத்திரங்கள் தம் மனத்தின்படி நடக்கின்றனவா, ஆசிரியரின் வசதிக்காக நடக்கின்றனவா? மூன்றாவது, முடிவு தெரிந்த பின்னரும் அதை வாசிக்க முடிகிறதா? இந்த மூன்றாவது பரீட்சையை என் தாயாரும் அயல்பெண்களும் ஜாம் போத்தல் விளக்கில் நடத்தினார்கள். கல்கி அதில் சித்தியடைந்தார். இரண்டாவது கேள்வியில் அவருக்குச் சில இடங்களில் புள்ளி குறையும்; தற்செயல் சந்திப்புகளை அவர் அளவுக்கு மீறி நம்புகிறார்.

இதே கேள்விகளை உயர்ந்த இலக்கியம் என்று நாம் கொண்டாடும் நூல்களிடமும் கேட்டுப் பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் வேலைநிறுத்தம் வந்தே தீர வேண்டும் என்பதற்காகப் பாத்திரங்களை ஊர்வலத்தில் கொண்டுபோய் நிறுத்திய நாவல்கள் எம்மிடம் எத்தனை! அதுவும் சூத்திரத்துக்கு எழுதிய கதைதான். சூத்திரம் மட்டும் வேறு. அதேபோல, நிறைய விற்றது என்பது ஒரு நூலுக்குத் தகுதியுமன்று, தகுதிக் குறைவுமன்று. 1970களின் தொடக்கத்தில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் சாதாரண வாசகரை நம்பி மலிவு விலையில் நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் அப்படி வந்தவை. தண்ணிமுறிப்பின் காட்டு வாழ்க்கையையும், வாடை பெயரும் காலத்து நெடுந்தீவுக் கரையையும் அவை பஸ்ஸில் போகிறவரின் கைக்குக் கொண்டுவந்தன. ‘நிலக்கிளி’ சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. பெட்டிக்கடையில் விற்றதனால் அந்த நாவலின் ஒரு வரியேனும் தாழ்ந்துவிடவில்லை.

என் கோரிக்கை எளிமையானது. முதலில் காப்பாற்றுவோம், பிறகு வாசிப்போம், கடைசியில் தீர்ப்பு எழுதுவோம். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தினர் இந்த வரிசையை எம்மைவிட நன்கு விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். எது சிறந்தது என்று வாசலில் நின்று வடிகட்டிக்கொண்டிருந்தால் இன்று அங்கு நாம் காணும் சிறு சஞ்சிகைகளிலும் மலர்களிலும் பாதி இல்லாமற் போயிருக்கும்.

உங்களிற் பலருடைய வீடுகளில், லண்டனிலோ ரொறன்ரோவிலோ வவுனியாவிலோ, அம்மாவின் பெட்டிக்குள் ஊசி நூலால் தைத்த ஒரு கட்டு இருக்கக்கூடும். அட்டை கிழிந்து, முதல் அத்தியாயம் இல்லாமல், யாருடைய கதை என்றுகூடத் தெரியாமல் இருக்கக்கூடும். தயவுசெய்து அதை எறிந்துவிடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று படித்தவர் எவரிடமும் கேட்காதீர்கள். முதலில் நீங்கள் வாசித்துப் பாருங்கள்.

அந்த எழுத்தாளரின் மகனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். இருக்கின்ற 34 அத்தியாயங்களையும் புத்தகமாக்குவதாகச் சொல்கிறார். ஒப்புநோக்கும் வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். இம்முறை ஒரு வரியும் விடாமல் வாசிக்கிறேன்.